மாதிரி விசாரணையா, ஃபோகஸ் குரூப்பா? அமெரிக்கக் குற்ற வழக்கில் எதிரி தரப்பின் தேர்வு

2021 நவம்பரில் விஸ்கான்சின் மாநிலம் கெனோஷாவில் கைல் ரிட்டன்ஹவுஸ் மீதான கொலை வழக்கில் தீர்ப்பு வந்தது. அதன்பின் எதிரி தரப்பில், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பில், வாதாடிய அவருடைய வழக்கறிஞர் மார்க் ரிச்சர்ட்ஸ், விசாரணைக்கு முன்பே இரண்டு மாதிரி ஜூரிகளை (ஜூரி என்பது தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு) உட்காரவைத்துப் பார்த்ததாகச் சொன்னார். ஒன்றின் முன் ரிட்டன்ஹவுஸ் சாட்சி சொன்னார், மற்றதன் முன் சொல்லவில்லை. சாட்சியத்தைக் கேட்ட ஜூரியிடம் நிலைமை கணிசமாக நன்றாக இருந்தது. நிஜ விசாரணையிலும் அவர் கூண்டேறினார். எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுதலையானார்.

விடுதலைக்கு மாதிரி விசாரணைதான் காரணம் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. கவனிக்க வேண்டியது அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வியை. கூண்டேறலாமா, வேண்டாமா? இரண்டே வழிகள், எதை எடுத்தாலும் பின்வாங்க முடியாது. இந்த வகைக் கேள்விக்காக மாதிரி விசாரணை நடத்தினால் போட்ட பணத்துக்குப் பலன் கிடைக்கும். "நாம் ஜெயிப்போமா?" என்று கேட்டுக்கொண்டு நடத்தினால் பெரும்பாலும் பணம்தான் கரையும். அந்தப் பணத்தில் ஒரு பகுதியை வைத்தே இரண்டு மூன்று ஃபோகஸ் குரூப் நடத்தியிருந்தால் வழக்கு பலப்பட்டிருக்கும்.

ஃபோகஸ் குரூப் என்பது 8 முதல் 12 பேரை இரண்டு மூன்று மணி நேரம் உட்காரவைத்து, வழக்கைத் துண்டு துண்டாகக் கொடுத்து, ஒவ்வொரு துண்டுக்கும் என்ன தோன்றுகிறது என்று கேட்பது. அங்கே வாதம் கிடையாது. மாதிரி விசாரணை முழு ஒத்திகை: இரு தரப்பும் வாதிடும், சாட்சியம் வரும், நீதிபதி தரும் சட்ட விளக்கம் படிக்கப்படும், ஜூரி தனி அறைக்குப் போய்ப் பேசித் தீர்ப்புச் சொல்லும். ஜூரி மனத்தில் என்ன கேள்வி எழும் என்று கண்டுபிடிக்க ஃபோகஸ் குரூப். அந்தக் கேள்விக்கு நாம் தயாரித்த பதில் நிற்கிறதா என்று பார்க்க மாதிரி விசாரணை. கேள்வியே தெரியாமல் பதிலைச் சோதிக்கப் போவதுதான் இந்தத் துறையில் அடிக்கடி நடக்கிற வீண்செலவு.

சிவில் ஆலோசனை இங்கே செல்லாது

இந்தக் கருவிகளைப் பற்றிக் கிடைக்கும் ஆலோசனையில் பெரும்பகுதி கம்பெனி வழக்குகளிலிருந்து வருவது. அங்கே கேள்வி எத்தனை லட்சம் டாலர் இழப்பீடு என்பது. நான்கு குழு நான்கு தொகை சொன்னால் நடுவில் ஒன்றை எடுத்துக்கொண்டு சமரசம் பேசலாம். குற்ற வழக்கில் நடுவில் எதுவும் இல்லை. ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் ஆம் அல்லது இல்லைதான். அதுவும் ஒருமனதாக: 2020-ல் ராமோஸ் எதிர் லூசியானா வழக்கில், கடுமையான குற்றங்களுக்கு மாநில நீதிமன்றங்களிலும் ஜூரி ஒருமனதாக இருந்தே தீர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஃபெடரல் (மத்திய அரசு) நீதிமன்றத்தில் ஜூரர்கள் 12 பேர். புளோரிடாவில் மரண தண்டனை இல்லாத வழக்குகளுக்கு 6 பேர் போதும். மாதிரி ஜூரியின் அளவும் வழக்கு நடக்கும் இடத்துக்கு ஏற்ப இருக்க வேண்டும், ஏனென்றால் ஆறு பேரில் தனியாக நிற்பவரின் நிலைமையும் பன்னிரண்டு பேரில் தனியாக நிற்பவரின் நிலைமையும் ஒன்றல்ல.

தமிழ் வாசகர்களுக்கு ஜூரி அதிகம் பழகாத விஷயம். இந்தியாவில் 1973-ன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு அது மறைந்தது. இலங்கையில் சட்டப் புத்தகத்தில் இன்னும் இருக்கிறது. 2016 டிசம்பரில் தமிழ் நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ் கொலை வழக்கில் ஐவரையும் விடுவித்தது சிங்களம் பேசும் ஜூரி. நாற்காலிகளில் யார் உட்காருகிறார்கள் என்பதன் கனத்தை அந்த வழக்கைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஒருமனது என்ற விதி இருப்பதால் எதிரி தரப்பு கவனிக்க வேண்டியது சராசரிக் கருத்தை அல்ல, சிறுபான்மையை. ஹாரி கால்வனும் ஹான்ஸ் ஸைசலும் 1966-ல் வெளியிட்ட சிகாகோ பல்கலைக்கழக ஆய்வில், முதல் வாக்கெடுப்பில் பெரும்பான்மை எந்தப் பக்கமோ, ஏறத்தாழ பத்தில் ஒன்பது வழக்குகளில் இறுதித் தீர்ப்பும் அந்தப் பக்கமே விழுந்தது. ஆகவே விடுதலைக்குக் கைதூக்கிய மூன்று பேர் என்ன சொல்லி நின்றார்கள், எந்தச் சாட்சியம் பேசப்பட்டபோது அமைதியானார்கள், யார் முதலில் மடங்கினார் என்பதற்குத்தான் மதிப்பு.

இன்னொரு தடை கச்சாப் பொருள். சிவில் வழக்கில் சாட்சிகளை முன்கூட்டியே விசாரித்து எடுத்த வீடியோ இருக்கும், வெட்டி ஒட்டிக் காட்டலாம். ஃபெடரல் குற்ற வழக்கிலும் பெரும்பாலான மாநிலங்களிலும் அது வழக்கத்தில் இல்லை, புளோரிடா போன்ற சில மாநிலங்கள் விதிவிலக்கு. ஜெங்க்ஸ் சட்டப்படி ஃபெடரல் அரசுத் தரப்புச் சாட்சியின் பழைய வாக்குமூலத்தை அவர் நீதிமன்றத்தில் அரசுத் தரப்புக்காகச் சாட்சி சொல்லி முடித்த பிறகு கொடுத்தால் போதும். பல இடங்களில் முன்னதாகவே கொடுக்கிறார்கள் என்றாலும் அதை நம்பித் திட்டமிட முடியாது. கையில் இருப்பது போலீஸ் உடல் கேமரா, 911 அவசர உதவி அழைப்பு, விசாரணை அறை வீடியோ, பூர்வாங்க விசாரணையின் எழுத்துப் பதிவு, அவ்வளவுதான். மாதிரி விசாரணையில் அரசுத் தரப்பின் வழக்கு என்று நாம் காட்டுவதில் ஒரு பங்கு ஊகம். எவ்வளவு சீக்கிரம் நடத்துகிறோமோ அவ்வளவு ஊகம் கூடும். ஃபோகஸ் குரூப்புக்கு இந்தச் சிக்கல் குறைவு, கையில் இருக்கும் துண்டை மட்டும் கொடுத்தால் போதும்.

கடை வாசல் வழக்கு

ஒரு வழக்கை வைத்துக்கொள்வோம். இரவு 11:40, மளிகைக் கடை வாசலில் இருவருக்குத் தகராறு. ஒருவருக்கு வயிற்றில் கத்திக்குத்து, பிழைத்துக்கொண்டார். குத்தியவர் மீது கொலை முயற்சி வழக்கு, தற்காப்பு என்கிறார். கடைக்காரரின் 911 அழைப்பும் ஒலியில்லாத சிசிடிவி பதிவும் இருக்கின்றன. குத்தியவர் ஓடிவிட்டார், கத்தியைச் சாக்கடையில் போட்டார், போலீஸிடம் முதலில் "நான் அங்கே இல்லவே இல்லை" என்றார். வழக்கறிஞருக்கு சிசிடிவிதான் உயிர். அடிபட்டவர்தான் அதில் முதலில் கையை ஓங்குகிறார். தொடக்க உரையை அங்கேதான் ஆரம்பிக்கப் போகிறார்.

ஃபோகஸ் குரூப்பில் முதல் துண்டு நான்கே வாக்கியம். பெயர்களும் ஊரும் மாற்றி, எந்தப் பக்கமும் சாயாமல். உடனே பேசவிடக் கூடாது. முதலில் தாளில் எழுதச் சொல்ல வேண்டும்: "இன்னும் என்ன தெரிய வேண்டும்?" எழுதாமல் பேச ஆரம்பித்தால் முதலில் வாயைத் திறந்தவரின் கேள்வியே எல்லார் கேள்வியுமாகிவிடும். இரண்டாவது துண்டு 911 அழைப்பு. மூன்றாவது சிசிடிவி: விளக்கம் எதுவும் இல்லாமல் ஒருமுறை ஓட்டி, "என்ன பார்த்தீர்கள்?" என்று மட்டும் கேட்பது. யார் முதலில் கை ஓங்கினார் என்று நாமே கேட்டுவிட்டால் அந்தத் துண்டு கெட்டது. பிறகு ஓடியது, கத்தியைப் போட்டது, கடைசியாகப் போலீஸிடம் சொன்ன பொய். மோசமான உண்மை எதையும் மறைக்கக் கூடாது. அதற்காகத்தான் காசு கொடுத்துக் கூட்டுகிறோம்.

முதல் தாளிலேயே பத்தில் ஏழு பேர் "ராத்திரி கடைக்குப் போகிறவன் கையில் கத்தி எதற்கு?" என்று எழுதியிருந்தால் வழக்கறிஞரின் திட்டம் அங்கேயே மாற வேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும்வரை சிசிடிவியை அவர்கள் நம் கண்ணால் பார்க்க மாட்டார்கள். கத்தியோடு வந்தவன் சண்டைக்கு வந்தவன் என்ற கதை மனத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ஜூரர்கள் சாட்சியத்தை எடைபோட்டுக் கூட்டுவதைவிட அதைக் கதையாகக் கோத்துக்கொள்கிறார்கள் என்பது நான்சி பென்னிங்டன், ரீட் ஹேஸ்டி ஆய்வுகளுக்குப் பிறகு இந்தத் துறையில் பாலபாடம்.

கட்சிக்காரர் கிடங்கில் வேலை செய்கிறவர், அட்டைப்பெட்டி அறுக்கும் கத்தி எப்போதும் பையில் இருக்கும், 11 மணிக்கு ஷிஃப்ட் முடிந்து நேராகக் கடைக்கு வந்தார் என்று வையுங்கள். இரண்டாவது குழுவில் வரிசையை மாற்றலாம்: முதலில் ஷிஃப்ட், பிறகு பெட்டி அறுக்கும் கத்தி, அதன்பின் கடை வாசல், சிசிடிவி. கத்தியைப் பற்றிய கேள்வி தாளிலிருந்து மறைகிறதா, சிசிடிவியைப் பற்றி வேறு மாதிரி பேசுகிறார்களா என்று ஒப்பிட்டால் தொடக்க உரையின் முதல் இரண்டு நிமிடம் எழுதியாகிவிடும். கிடங்கின் மேற்பார்வையாளரைச் சாட்சிப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். வழக்கறிஞர் அவரைப் பற்றி அதுவரை யோசித்திருக்கவே மாட்டார்.

போலீஸிடம் சொன்ன பொய்க்குக் குழுவே சில சமயம் காரணம் கண்டுபிடித்துத் தரும். "பயத்துல உளறியிருப்பான்" என்று ஒருவர் சொல்லி இருவர் தலையாட்டினால் அந்த வார்த்தையை அப்படியே குறித்துக்கொள்ள வேண்டும். வழக்கறிஞர் செதுக்கி எழுதும் எந்த வாக்கியத்தைவிடவும் இறுதி வாதத்தில் அது எடுபடும்.

குழு கெடுவது எங்கே

வழக்கறிஞரே நடத்தினால் கெடும். யாராவது கட்சிக்காரரைத் திட்டியதும் "ஆனால் சட்டப்படி பார்த்தால்..." என்று ஆரம்பிப்பார், அறையில் இருக்கும் பத்துப் பேருக்கும் யார் காசு கொடுத்தார் என்று தெரிந்துவிடும். பிறகு வருவது மரியாதைப் பேச்சு. நடத்துகிறவர் இந்த வழக்கோடு தொடர்பில்லாதவராக இருக்க வேண்டும். வழக்கறிஞர் பக்கத்து அறையில் திரையில் பார்க்கட்டும்.

ஆட்களைச் சேர்ப்பதில்தான் பாதி வேலை. ஜூரிப் பட்டியல் வாக்காளர் பட்டியலிலிருந்தும் பல இடங்களில் ஓட்டுநர் உரிமப் பட்டியலிலிருந்தும் எடுக்கப்படுகிறது. நம் குழுவும் வயது, இனம், படிப்பு, வேலை இவற்றில் அந்தக் கவுன்டியை (மாவட்டம் போன்ற பகுதி) போல இருக்க வேண்டும். போலீஸ், வழக்கறிஞர், நீதிமன்ற ஊழியர், செய்தியாளர், இவர்கள் வீட்டார், வழக்கில் யாரையாவது தெரிந்தவர்கள் வேண்டாம். சட்டக் கல்லூரி மாணவர்களும் அலுவலக நண்பர்களும் சுலபமாகக் கிடைப்பார்கள், ஆனால் அவர்கள் அந்த ஊர் ஜூரியைப் போல யோசிப்பதில்லை. சிறிய கவுன்டியில் இன்னொரு ஆபத்து: குழுவுக்கு வந்தவரே பிறகு நிஜ ஜூரி அழைப்பில் வந்து உட்காரலாம். அங்கே அதே சாயலுள்ள பக்கத்துக் கவுன்டியிலிருந்து ஆள் எடுப்பதே நல்லது. லாஸ் ஏஞ்சலஸ், சிகாகோவின் குக் போன்ற பெரிய கவுன்டிகளில் இந்தக் கவலை குறைவு.

பத்துப் பேர் வேண்டுமானால் பதின்மூன்று பேரை அழைக்க வேண்டும். மாலை 6 முதல் 9 என்று வைத்தால்தான் வேலைக்குப் போகிறவர்கள் வருவார்கள். பகலில் வைத்தால் ஓய்வுபெற்றவர்களும் வேலை தேடுகிறவர்களும் மட்டும் நிறைவார்கள். ஒரே குழுவோடு நிறுத்தவும் கூடாது. சத்தமாகப் பேசும் ஒருவர் அறையை இழுத்துக்கொண்டு போய்விட்டால் அன்று கிடைத்தது அவருடைய கருத்து மட்டுமே. இரண்டு குழு கட்டாயம், மூன்று இருந்தால் நிம்மதி.

2020-க்குப் பிறகு ஆன்லைன் குழுக்கள் பெருகிவிட்டன. ஒரு புகைப்படம், ஒரு வாக்கியம், 911 அழைப்பு, இவற்றுக்கு முதல் எதிர்வினை என்ன என்று பார்க்க அவை தாராளமாகப் போதும், மலிவும்கூட. கலந்துரையாடலுக்கு உதவாது. திரையில் ஆளுக்கொரு முறை பேசுவார்கள், ஒருவர் மற்றவரை மடக்குவது நடக்காது. ஊரறிந்த வழக்கில் பக்கத்திலேயே கூகுள் திறந்திருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. திரையைப் படம் பிடிப்பதையும் தடுக்க வழியில்லை.

மாதிரி விசாரணையின் ஒரு நாள்

24 அல்லது 36 பேரைப் பன்னிரண்டு பன்னிரண்டாகப் பிரிப்பது வழக்கம். காலை 8:30-க்கு ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து, 9 மணிக்கு முதல் வினாத்தாள்: போலீஸைப் பற்றி, குற்றத்தைப் பற்றி, தங்கள் வாழ்க்கையைப் பற்றி. அரசுத் தரப்பின் வழக்கு ஒரு மணி நேரம் அல்லது சற்றுக் கூட, வினாத்தாள். எதிரி தரப்பு ஒரு மணி நேரம், வினாத்தாள். அரசுத் தரப்பின் பதில் வாதம் பத்து நிமிடம். நிரூபிக்கும் பொறுப்பு அவர்களுடையது என்பதால் நிஜத்திலும் கடைசி வார்த்தை அவர்களுக்குத்தான். பிறகு அந்த மாநிலத்தின் சட்ட விளக்கம், சுருக்காமல், அதே வாசகத்தில். அறைக்குப் போகும் முன் ஒவ்வொருவரும் தனியாகத் தன் தீர்ப்பை எழுதித் தர வேண்டும். அதுதான் முதல் வாக்கெடுப்பு, அன்றைய மிக முக்கியமான தாள். அதன்பின் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் கலந்துரையாடல், கேமராவில் பார்த்தபடி. கடைசியில் அரை மணி நேரம் நடத்துகிறவர் உள்ளே போய்க் கேள்வி கேட்கலாம்.

இந்த ஏற்பாட்டை மற்ற எதையும்விட அதிகமாகக் கெடுப்பது சோனியான அரசுத் தரப்பு. அலுவலகத்தின் சிறந்த ஆளை எதிரி தரப்பில் நிறுத்திவிட்டு, புதிதாகச் சேர்ந்தவரிடம் அரசு வேடத்தைக் கொடுப்பார்கள். விடுதலை வரும், எல்லாருக்கும் உற்சாகம். அந்த உற்சாகத்தில் கட்சிக்காரர் அரசு கொடுத்த ஒப்புதல் பேரத்தை (குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டனையைக் குறைக்கும் ஏற்பாடு) உதறிவிட்டால் விலை வருடக் கணக்கில் சிறை. தலைமை வழக்கறிஞரே அரசுத் தரப்பில் நிற்கட்டும், அல்லது முன்னாள் அரசு வழக்கறிஞர் ஒருவரை அமர்த்தலாம். அதனால் வரும் குற்றத் தீர்ப்புக் கசக்கத்தான் செய்யும், ஆனால் பயன்படும்.

மூன்று குழுவும் விடுதலை என்றால்? நாணயத்தை மூன்று முறை சுண்டினாலும் எட்டில் ஒரு தடவை மூன்றும் தலையாக விழும். ஒரு ஜூரி என்பது புள்ளியியல் கணக்கில் ஒரே ஒரு எண். 36 பேர் வந்தார்கள் என்று 36 சுதந்திரமான தீர்ப்புகள் கிடைத்துவிடவில்லை. கட்சிக்காரரிடம் "எழுபது சதவீத வாய்ப்பு" என்று சொல்கிற ஆலோசகரை மாற்றிவிடுவது நல்லது.

நடைமுறையில் பயன்தருவது கலந்துரையாடலில் சட்டம் எங்கே தலைகீழாகிறது என்று பார்ப்பது. நம் கடை வாசல் வழக்கில், பெரும்பாலும் எல்லா மாநிலங்களிலும், தற்காப்பு அல்ல என்று அரசுத் தரப்பே நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்ட வேண்டும். மாதிரி ஜூரி அறையில் "தற்காப்புன்னு அவர்தானே நிரூபிக்கணும்?" என்று ஒருவர் கேட்டு, திருத்த யாரும் வாய் திறக்காவிட்டால், இறுதி வாதத்தில் எந்தப் பத்தியைப் பெரிய எழுத்தில் திரையில் போட வேண்டும் என்பது முடிவாகிவிட்டது.

மூன்று முடிவுகளுக்கு மாதிரி விசாரணையே சரி

கட்சிக்காரர் கூண்டேறுவது முதலாவது. அவர் பேசாவிட்டால் அரசுத் தரப்பு அதைச் சுட்டிக்காட்டக் கூடாது என்று 1965-ன் கிரிஃபின் தீர்ப்பு சொல்கிறது. மௌனத்தை எதிராக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று ஜூரிக்கு விளக்கச் சொல்லிக் கேட்கும் உரிமையை 1981-ன் கார்ட்டர் தீர்ப்பு தந்தது. அறைக்குள் ஜூரர்கள் என்ன பேசுகிறார்கள் என்பது வேறு கதை. அதைக் கேட்க வேறு வழியில்லை. செய்முறை எளிது: இரு ஜூரியும் காலையிலிருந்து ஒன்றாகவே கேட்கட்டும். எதிரி தரப்பின் மற்றச் சாட்சியம் முடிந்ததும் இரண்டாவது குழுவை வேறு அறைக்கு அனுப்பிவிட்டு, முதல் குழு முன் கட்சிக்காரரை நிறுத்திக் கடுமையாகக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். இறுதி வாதத்தை இரண்டு அறையிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டியிருக்கும். அவருக்குப் பழைய தண்டனை இருந்து, கூண்டேறினால் அது வெளிவரும் நிலை என்றால், மாதிரியிலும் அது வந்தே ஆக வேண்டும். எழுதிய வாக்குமூலத்தை வேறொருவர் வாசிப்பது இந்தச் சோதனைக்கு ஆகாது. சோதிப்பதே அவர் முகத்தையும் குரலையும்தான்.

கத்தி ஏன் கையில் இருந்தது என்பதை மேற்பார்வையாளர் சொல்லிவிட முடிந்தால், கூண்டேறும் தேவையே குறைந்திருக்கலாம். ஃபோகஸ் குரூப் முன்னால் வர வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தொலைபேசி ஒட்டுக்கேட்பு வழக்குகளில் இந்தக் கேள்வி வேறு உருவம் எடுக்கிறது. கொழும்பில் பிறந்த தமிழரான ராஜ் ராஜரத்தினத்தின் கேலியன் முதலீட்டு நிறுவன வழக்கில் 2011-ல் மன்ஹாட்டன் ஜூரி 12 நாள் கலந்துபேசி 14 குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி என்றது. அவர் கூண்டேறவில்லை, ஆனால் பதிவுகளில் அவர் குரல் ஜூரி முன் ஒலித்துக்கொண்டே இருந்தது. இப்படி வழக்கு அமைந்தால் முதலில் ஃபோகஸ் குரூப்பில் பதிவுகளை மட்டும் ஓட்டி, எழுத்துப் பிரதி கையில் கொடுத்தும் கொடுக்காமலும், எந்த உரையாடல் காதில் தங்குகிறது என்று பார்க்க வேண்டும். மாதிரி விசாரணை அதற்கு அப்புறம்.

இரண்டாவது முடிவு, சிறிய குற்றத்தையும் ஜூரி முன் வைக்கச் சொல்வதா என்பது. கொலை முயற்சி மட்டும் என்றால் விடுதலைக்கு வழி உண்டு, ஆனால் "ஏதாவது ஒரு தண்டனை வேண்டாமா" என்று தவிக்கும் ஜூரி பெரியதைப் பிடித்துக்கொள்ளவும் கூடும். தாக்குதல் என்ற சிறிய குற்றமும் தாளில் இருந்தால் விடுதலைக்கு நின்றவர்களே சமரசமாக அங்கே இறங்கலாம். ஒரு அறைக்கு ஒரு படிவம், இன்னொரு அறைக்கு வேறு படிவம் கொடுத்துப் பார்த்தால் எந்தப் பக்கம் சரிகிறது என்று கண்ணால் பார்க்கலாம்.

மூன்றாவது ஒப்புதல் பேரம். 2018-ல் ஃபெடரல் நீதிமன்றங்களில் குற்றம் சாட்டப்பட்டவர்களில் 90 சதவீதம் பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள், விசாரணைக்குப் போனவர்கள் 2 சதவீதம். பேரம் பற்றிச் சரியான ஆலோசனை தருவதும் வழக்கறிஞரின் கடமை என்று 2012-ல் ஃப்ரை, லாஃப்ளர் தீர்ப்புகள் உறுதி செய்தன. முன்பின் தெரியாத பன்னிரண்டு பேர் தன் கதையை நம்பாமல் பேசுவதைக் கட்சிக்காரர் கேட்டால், வழக்கறிஞர் பத்து முறை சொல்லி ஏறாதது ஏறும். தீர்ப்பு வரும் நிமிடத்தை விட்டுவிட்டு கலந்துரையாடலைக் காட்டுவது மேல். தீர்ப்பைக் காட்டினால் அது ஒன்றே மனத்தில் தங்கிவிடும்.

யாரை ஜூரியில் வைப்பது

இதற்கு இரண்டு கருவியுமே அரைகுறை. 1972-ல் வியட்நாம் போர் எதிர்ப்பாளர்கள் மீதான ஹாரிஸ்பர்க் ஏழுவர் வழக்கில் ஜே ஷூல்மன் முதலிய சமூகவியலாளர்கள் எதிரி தரப்புக்காக 840 வாக்காளர்களிடம் தொலைபேசியிலும், பிறகு 252 பேரிடம் விரிவாகவும் பேசித்தான் விருப்பு வெறுப்புகளைக் கணித்தார்கள். முக்கியச் சதிக் குற்றச்சாட்டில் ஜூரி 10-க்கு 2 என்று விடுதலைப் பக்கம் பிளந்து நின்றது. அது சர்வேயின் வேலை. 400 பேரிடம் கேட்டால்தான் பிழை வரம்பு ஏறத்தாழ 5 சதவீதப் புள்ளிக்கு இறங்குகிறது. வழக்கை வேறு ஊருக்கு மாற்றக் கோரும் மனுவுக்கும் சர்வேதான் ஆதாரமாக நிற்கும், பன்னிரண்டு பேரின் பேச்சு நிற்காது.

குழுவில் ஒரு இனத்தவரோ பெண்களோ நமக்கு எதிராகப் பேசினார்கள் என்பதை வைத்து நிஜத் தேர்வில் அவர்களை நீக்கவும் முடியாது. 1992-ன் மக்காலம் தீர்ப்பு எதிரி தரப்புக்கும் இன அடிப்படைத் தடையை விரித்தது, 1994-ல் பாலினமும் சேர்ந்தது. பயன்படுத்தக் கூடியது மனப்பான்மை: போலீஸ் பொய் சொல்லுமா, கத்தி வைத்திருப்பது தப்பா என்ற கேள்விகளுக்கு முதல் வினாத்தாளில் எழுதிய பதில் பின்னால் தீர்ப்போடு எப்படிப் பொருந்தியது என்பது. அதிலிருந்து ஜூரித் தேர்வுக்கான நான்கைந்து நல்ல கேள்விகள் பிறக்கும்.

காலை வாரும் சட்டம்

இந்த ஆய்வுகள் வழக்கறிஞரின் தயாரிப்பு வேலை என்ற பாதுகாப்புக்குள் வருகின்றன; 1975-ன் நோபிள்ஸ் தீர்ப்பு அந்தப் பாதுகாப்பு குற்ற வழக்குக்கும் உண்டு என்றது. ஆனால் அதில் ஓட்டைகள் இருக்கின்றன.

ஃபெடரல் விதி 26.2-ன்படி, கட்சிக்காரர் நீங்கலாக எதிரி தரப்புச் சாட்சி ஒருவர் நீதிமன்றத்தில் பேசிய பிறகு, அதே விஷயத்தில் அவருடைய பதிவான பழைய வாக்குமூலத்தை அரசு கேட்டு வாங்கலாம். கிடங்கு மேற்பார்வையாளரை மாதிரி விசாரணையில் நிறுத்தி வீடியோ எடுத்தால், குறுக்கு விசாரணைக்கு நாமே சாமான் எடுத்துக் கொடுத்தது போலாகிவிடும். அவருக்குப் பதில் வேறொருவர் வாசிக்கட்டும். கட்சிக்காரருக்கு இந்த விதி இல்லை, ஆனால் அறையில் இருக்கும் அந்நியர் ஒவ்வொருவரும் அவர் சொன்னதைக் கேட்ட சாட்சி. வழக்கறிஞரிடம் தனியாகப் பேசியதற்கு இருக்கும் ரகசியம் அங்கே இல்லை. அவர் அங்கே ஒன்று சொல்லிவிட்டு நிஜக் கூண்டில் வேறொன்று சொன்னால் வழக்கறிஞருக்கும் நெருக்கடி. பொய்ச் சாட்சிக்குத் துணைபோகும் உரிமை யாருக்கும் இல்லை என்று 1986-ன் நிக்ஸ் எதிர் வைட்சைட் வழக்கு தெளிவாக்கியது. கதை உறுதியாகும்வரை கட்சிக்காரரை மாதிரி ஜூரி முன் கொண்டுபோகக் கூடாது.

அரசு கொடுத்த ஆவணங்கள் மீது நீதிமன்றப் பாதுகாப்பு உத்தரவு இருக்கிறதா என்று முதல் நாளே பார்க்க வேண்டும். இருந்தால் அவற்றை வெளியாருக்குக் காட்டுவது உத்தரவை மீறுவது. கையெழுத்து வாங்கிய ரகசியக் காப்பு ஒப்பந்தம் அதற்கு ஈடாகாது. மனு போட்டு அனுமதி கேட்கலாம், ஆனால் அப்போது நாம் என்ன செய்கிறோம் என்று அரசுத் தரப்புக்குத் தெரிந்துவிடும். அந்த ஆவணத்தை விட்டுவிட்டு அதன் சாரத்தைப் பொதுவாகச் சொல்ல முடியுமா என்று முதலில் யோசிப்பது நல்லது.

கையில் இருக்கும் பணம்

ஃபெடரல் நீதிமன்றம் நிஜ ஜூரருக்குக் கொடுப்பது நாளுக்கு 50 டாலர். அந்தத் தொகைக்கு மாதிரி ஜூரிக்கு நல்ல கலவையாக ஆள் வராது. ஒரு மாலைக்கு 75 டாலர் என்று 13 பேருக்குக் கொடுத்தால் 975 டாலர். நூலகக் கூட்ட அறை, சாப்பாடு, ஒரு கேமரா சேர்த்தாலும், ஆட்களை நாமே விளம்பரம் செய்து சேர்த்தால் ஒரு குழு 2,000 டாலருக்குள் அடங்கும். மாதிரி விசாரணையில் 36 பேருக்கு நாளுக்கு 175 டாலர் என்றாலே 6,300 ஆகிறது. ஆள் சேர்க்கும் நிறுவனத்தின் கட்டணம், மூன்று கலந்துரையாடல் அறை, பதிவு, ஆலோசகர் எல்லாம் சேர்த்தால் பல பத்தாயிரம் டாலர் போகும்.

5,000 டாலர் இருந்தால் இரண்டு ஃபோகஸ் குரூப், கேள்வியே வேண்டாம். மாதிரி விசாரணை என்ற பெயரில் அதைச் சுருக்கி, பன்னிரண்டு பேர் முன் அரை நாள் வாதாடிப் பார்ப்பது இரண்டுங்கெட்டான்: கேள்வியும் கிடைக்காது, ஒரே ஒரு தீர்ப்பு வரும், அதை நம்பத் தோன்றும். கையில் 40,000 இருந்தாலும் முதல் 5,000 குழுக்களுக்கே போகட்டும். மிச்சத்தை மேலே சொன்ன மூன்று முடிவுகளில் ஒன்று உண்மையிலேயே தொங்கலில் இருந்தால் மட்டும் மாதிரி விசாரணைக்குப் போடலாம். கட்சிக்காரர் கூண்டேறப்போவதில்லை என்று ஏற்கெனவே முடிவாகி, பேரமும் இல்லை, சிறிய குற்றமும் இல்லை என்றால் அந்தப் பணத்தைத் தடயவியல் நிபுணருக்குக் கொடுப்பது மேல்.

கட்சிக்காரரிடம் பணமே இல்லையா? ஃபெடரல் வழக்கில் குற்றவியல் நீதிச் சட்டத்தின் 3006ஏ பிரிவு, வழக்குக்குத் தேவையான துப்பறிதல், நிபுணர், பிற சேவைகளுக்கு நீதிமன்றத்திடம் பணம் கேட்க வழி தருகிறது. அரசுத் தரப்பு இல்லாமலே அந்த மனு கேட்கப்படும். "ஜூரி ஆய்வு வேண்டும்" என்று பொதுவாகக் கேட்டால் பெரும்பாலும் நடக்காது. "விசாரணை அறை வீடியோவின் எந்தப் பகுதியை நீக்கக் கோருவது என்று முடிவெடுக்க இரண்டு குழு, இவ்வளவு செலவு" என்று தொகையோடும் காரணத்தோடும் கேட்க வேண்டும். அதுவும் கிடைக்காதபோது பப்ளிக் டிஃபெண்டர் அலுவலகங்கள் (வசதியில்லாதவர்களுக்கு அரசுச் செலவில் வாதாடுபவை) கணக்காளர், வரவேற்பாளர், வேறு பிரிவு ஊழியர் என்று வழக்கைத் தெரியாதவர்களை மதிய உணவு நேரத்தில் கூட்டி 911 அழைப்பையும் சிசிடிவியையும் ஓட்டிப் பார்க்கலாம். அவர்கள் எதிரி தரப்புக்குச் சாய்ந்தவர்கள்தான். ஆகவே நமக்குச் சாதகமாக அவர்கள் சொல்வதைத் தள்ளிவிடலாம். அவர்களுக்கே உறுத்துகிற விஷயம் எதுவோ, அதை மட்டும் எழுதிக்கொள்ள வேண்டும்.

நாள் குறிப்பதில் ஒரு கணக்கு: குழுக்களை ஆவணங்கள் கைக்கு வந்ததும், துப்பறிவாளர் வேலையில் இருக்கும்போதே நடத்த வேண்டும். மாதிரி விசாரணை, நீதிமன்றத் தேதிக்கு ஆறு வாரம் முன்னால். அதற்குப் பிந்தினால் மேற்பார்வையாளரைப் போலப் புதிதாகத் தேவைப்படும் சாட்சிக்கு அழைப்பாணை அனுப்பவும் நிபுணரின் அறிக்கையை உரிய காலத்தில் அரசுக்குக் கொடுக்கவும் நேரம் இருக்காது.